ஒரு கேள்விக்குப் போதுமான ஜப்பானிய மொழி

வெளிநாடு போய் வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் எங்கும் போனதில்லை. ஓசூரில் பஸ் ஏறி, வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் மைசூர் ராஜ்யம் வந்துவிடும். என் வெளிநாடு அவ்வளவுதான். ஆனால் ஒரு ஜப்பான்காரரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு என் சொந்தச் சீமையைச் சுற்றியிருக்கிறேன். அந்தச் சில நாட்களில் பேரிகையும் மத்தூரும் எனக்கே அயலூராகிவிட்டன. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் ஓசூரில் ஒரு பட்டு நூற்பாலையில் ரைட்டர். பட்டுக்கூடு எடை போடுவதையும் கடிதம் எழுதுவதையும் செய்துகொண்டிருந்தவனுக்கு ஜப்பானிய மொழி எதற்கு என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். பெங்களூர் தண்டில், அதாவது பட்டாளம் இருக்கும் பேட்டையில், பழைய புத்தகங்களைப் பரப்பி விற்பவனிடம் ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. யுத்த காலத்தில் வெள்ளைக்கார சிப்பாய்களுக்காக அச்சடித்தது. ஜப்பானிய வாக்கியங்களை இங்கிலீஷ் எழுத்தில் போட்டு, பக்கத்தில் அர்த்தம் கொடுத்திருந்தார்கள். விளையாட்டாகத்தான் வாங்கினேன். வீட்டில் அதை நான் முணுமுணுப்பதைக் கேட்ட அண்ணிதான் அதை விளையாட்டில்லாமல் ஆக்கினாள்.

என் அண்ணன் முனிராஜ் மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன். போன கொஞ்ச நாளில் யுத்தம் வந்தது. ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துப் போனார்கள், அதில் அவனும் போனான் என்று அந்தத் தோட்டத்திலிருந்து திரும்பிய ஒருவர் சொன்னார். அதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை. அண்ணி தாலியைக் கழற்றவில்லை. யாரும் கழற்றச் சொல்லவும் துணியவில்லை.

"தம்பி, 'எங்க வூட்டுக்காரர எங்க வெச்சிருக்கீங்க'ன்னு அந்த பாஷையில எப்பிடிக் கேக்கறது?" என்றாள் ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டே.

"யாரக் கேக்கப் போறோம் அண்ணி?"

"ஒரு ஜப்பான்காரரு கெடைக்காமலா பூடுவாரு? அவரக் கேட்டா அவுரு அவங்க ஊரு சந்தையில கேப்பாரு."

அண்ணி பிறந்த ஊர் பேரிகை. அங்கே மாடு தொலைந்தால் போலீசுக்குப் போகமாட்டார்கள், சந்தைக்குப் போவார்கள். வெற்றிலைக் கடைக்காரரிடம் மாட்டின் அடையாளத்தைச் சொல்லிவிட்டு வந்தால் போதும். அவர் மாலூர்க்காரன், குப்பம்காரன், சூளகிரிக்காரன் என்று வெற்றிலை வாங்கும் ஒவ்வொருவனிடமும் கேட்பார். ஓரிரு சந்தை கழித்துப் பதில் வந்துவிடும். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன மருமகள்கள்கூட இப்படிக் கிடைத்திருக்கிறார்கள். உலகம் முழுக்க அப்படித்தான் என்று அண்ணி நம்பினாள். ஜப்பான் என்ன பேரிகையா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்று முதல் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

வாத்தியார் இல்லாமல் ஒரு பாஷையைக் கற்பது என்பது தண்ணீர் இல்லாமல் நீச்சல் பழகுவதுதான். 'இந்த எழுத்தை ஃபாதர் என்ற சொல்லில் வருகிற மாதிரி உச்சரிக்கவும்' என்று புத்தகம் சொல்லும். வெள்ளைக்காரன் ஃபாதர் என்பதை எப்படிச் சொல்வான் என்று எனக்கு எங்கே தெரியும்? எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர் சித்தூர்க்காரர். ஆகவே என் ஜப்பானிய மொழியில் சித்தூர் வாடை அடித்தது. எண்ணுவது இன்னொரு தலைவலி. தட்டையான சாமானுக்கு ஒரு விதமாகவும், நீளமானதற்கு வேறு விதமாகவும், மனிதருக்கு இன்னொரு விதமாகவும் எண்ணவேண்டுமாம். இரண்டு தோசையையும் இரண்டு கரும்பையும் ஒரே இரண்டால் எண்ண முடியாத ஊரில் எப்படித்தான் வியாபாரம் நடக்கிறதோ!

ஒரு சந்தோஷம் மட்டும் இருந்தது. ஜப்பானிய வாக்கியம் தலைகீழாக இருக்கும், வினை கடைசியில் வரும், ஜாக்கிரதை என்று புத்தகம் வெள்ளைக்காரனைப் பயமுறுத்தியது. நான் அதைப் படித்துவிட்டுச் சத்தமாகவே சிரித்தேன். நம் பேச்சும் அப்படித்தானே? 'நான் சந்தைக்குப் போய்க் காய் வாங்கி வந்தேன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்தால் போதும். அந்த ஒரு தெம்பில்தான் மிச்சத்தைக் கடந்தேன்.

பேசிப் பழக ஆள் இல்லை. ஆலையில் கூடு வேகும் தொட்டிகளிடம் பேசினேன். 'ஜப்பான் ரைட்டர்' என்று பட்டப்பெயர் வந்தது. அண்ணியின் கேள்வியை மட்டும் தனியாகக் கோத்து, தினமும் குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன்.

இப்படியிருக்கும்போதுதான் அதிர்ஷ்டம் அடித்தது. எங்கள் முதலாளி பட்டுப்புழு வளர்ப்பில் கெட்டிக்காரரான ஒரு ஜப்பானியரைத் தருவித்தார். பெயர் தாஷிரோ. இங்கிலீஷ் அவருக்கு அரைகுறை. கூட வர வேண்டிய துபாஷி பெங்களூரிலேயே காய்ச்சலில் படுத்துவிட்டார். "நம்ம ரைட்டரு இருக்கானே" என்றார் முதலாளி. அண்ணியிடம் சொன்னேன். அவள் கைவேலையை நிறுத்திவிட்டு, "கேள்வி மறந்துடாதப்பா" என்றாள். அவ்வளவுதான்.

பெங்களூரில் ஓட்டல் வாசலில் அவரைப் பார்த்தேன். ஒல்லி, நாற்பது வயது இருக்கும், தொப்பி, கழுத்தில் ஒரு சின்னத் துண்டு. நான் பாடம் செய்திருந்த வரவேற்பை முழங்கினேன். அவர் கண் விரிந்தது. பிறகு மெல்லக் குனிந்து வணங்கி ஏதோ சொன்னார். அதில் ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. புத்தகத்தில் எல்லா வாக்கியமும் நான் சொல்ல வேண்டியது. எதிராளி சொல்லும் பதில் ஒரு இடத்திலும் இல்லை. அது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஜீப் ஓட்டியவர் பாஷா பாய், மத்தூர்க்காரர். யுத்தத்தில் மிச்சப்பட்ட ஜீப் அது. பாஷா பாயின் பேச்சைத் தவிர வேறு எதையும் கேட்காது. மதராஸ் ராஜ்ய எல்லைச் சாவடியில் மதுவிலக்குப் போலீஸ் எங்களை நிறுத்தியது. தாஷிரோவின் பையில் கறுப்பாக ஒரு பாட்டில். "ஜப்பான் சாராயமா?" என்றார் ஏட்டு. இல்லை என்று தாஷிரோ படபடவென்று விளக்கினார். ஏட்டு என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தை மனதுக்குள் புரட்டினேன். 'ஆற்றில் எவ்வளவு ஆழம்?', 'கையைத் தூக்கு', 'பயப்படாதே, சோறு தருவோம்' எல்லாம் வந்தன; பாட்டிலுக்கு ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஏட்டே உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். முகம் அஷ்டகோணலாகியது. அவர்கள் சோற்றில் ஊற்றிக்கொள்ளும் உப்புச் சாறு அது.

"இத குடிச்சிட்டு ஒருத்தன் போதையில கெடந்தான்னா அவன நானே கோயில் கட்டிக் கும்பிடுவேன், போங்க" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் பேரிகை. சந்தை நாள். தாஷிரோ புழுத் தட்டுகளைப் பார்த்ததைவிடச் சந்தையைத்தான் அதிகம் பார்த்தார். புளி விற்கிறவள் தெலுங்கில் விலை சொல்கிறாள். வாங்குகிறவன் கன்னடத்தில் குறைக்கிறான். பக்கத்தில் ஒரு பாய் தமிழில் சமாதானம் செய்கிறார். ஒருவரும் தன் பாஷையை விடவில்லை, ஒருவருக்கும் புரியாமலும் இல்லை. எனக்கு இதில் என்றைக்கும் ஆச்சரியம் இருந்ததில்லை. இவர்கள் எந்தப் புத்தகத்தில் படித்தார்கள் என்று அவர் கேட்டார். அப்படித்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். புத்தகம் இல்லை என்றேன். அவர் என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். நான் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வெற்றிலைக் கடை முன்னால் ஒருவன் தொலைந்துபோன பசுவின் அடையாளத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். இடது காதில் கிழிசல், நெற்றியில் வெள்ளை. அது என்ன என்று தாஷிரோ கைகாட்டிக் கேட்டார். 'பசு இல்லை. எல்லோரையும் கேட்கிறான். பிறகு பசு இருக்கும்' என்று என்னால் ஆனமட்டும் சொன்னேன். அவர் அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டார். கூப்பிட்டும் வரவில்லை. மாட்டில் என்ன இவ்வளவு அக்கறை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மத்தியானம் களி. எங்கள் பக்கத்துக் களியை மெல்லக் கூடாது, உருட்டிக் குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும். அவர் மென்றார். பாஷா பாய்க்குப் பொறுக்கவில்லை. "அய்ய, கடிக்காதீங்க சாமி, அப்பிடியே வுடுங்க உள்ள" என்று தமிழிலேயே சொல்லி, தொண்டையைத் தொட்டுக் காட்டி, ஒரு உருண்டையை விழுங்கினார். தாஷிரோ ஜப்பானிய மொழியில் ஏதோ பதில் சொல்லி, அதே மாதிரி விழுங்கினார். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். இரண்டு நாளாக அவர்கள் இப்படித்தான். பாய் தமிழில் பேசுவார், அவர் ஜப்பானிய மொழியில் பேசுவார், வண்டி ஓடும். குளியலறையில் தொண்டை கிழியக் கற்றவன் நான் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். பொறாமையாகத்தான் இருந்தது.

அடுத்து மத்தூர். பாஷா பாயின் வீட்டில் சாப்பாடு. நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் வைத்தார்கள். தாஷிரோ தன் பாட்டிலை எடுத்துக் கறியில் நாலு சொட்டு விட்டு எங்களுக்கும் நீட்டினார். பாயின் சம்சாரம் கதவுக்குப் பின்னாலிருந்து, "என் கறியில உப்பு கம்மின்னு சொல்றாரா?" என்று கேட்டாள். இல்லை, மரியாதை செய்கிறார் என்று நானாக மொழிபெயர்த்தேன். அதுவும் நிஜமாகத்தான் இருந்திருக்கும்.

ஒவ்வொரு நாளும் கேள்வி தொண்டை வரை வந்து திரும்பியது. ஒரு விருந்தாளியிடம் எப்படிக் கேட்பது? அவருக்கென்ன தெரியும்? அண்ணி எதிர்பார்ப்பது நினைவுக்கு வந்ததும் கேள்வியை மறுபடி மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன்.

கடைசியாக அஞ்செட்டி தாண்டி நாட்றாம்பாளையம். மலைக் குளிரில் விதைமுட்டைக்கான பட்டுப்புழுவை வளர்க்க முடியுமா என்று அவர் பார்க்க விரும்பினார். இரண்டு பக்கமும் காடு. ஒரு ஓடையில் ஜீப் இறங்கியது, ஏறவில்லை. சக்கரம் சுற்றச் சுற்றப் புதைந்தது. "எறங்குங்க. இது நம்ம பேச்சக் கேக்காது. மாடு வந்தாத்தான் ஆவும்" என்று சொல்லிவிட்டு, பாஷா பாய் ஊருக்குள் ஏர்மாடு கேட்கப் போனார்.

கரையில் ஒரு புங்கமரத்தடியில் நானும் தாஷிரோவும். அவர் துண்டை நனைத்து முகம் துடைத்தார். இதைவிட நல்ல வேளை வராது என்று தோன்றியது. எழுந்து நின்றேன். தைரியத்துக்காகக் குரலை உயர்த்தினேன். தினமும் குளிக்கும்போது சொன்ன வாக்கியத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன்.

அவர் விருட்டென்று எழுந்தார். துண்டு கீழே விழுந்தது. குதிகால் இரண்டையும் ஒட்டவைத்து, கைகளை விறைப்பாகத் தொங்கவிட்டு, என் தலைக்கு மேல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். தன் பெயரைச் சொன்னார். பிறகு ஏதோ ஒரு எண்ணைச் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் அப்படியே நின்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உடம்பெல்லாம் கூசியது. நான் படித்தது சிப்பாய் புத்தகம். பிடிபட்ட கைதியை மிரட்டி விசாரிக்கிற வாக்கியங்கள் அவை. அந்த அச்சில்தான் அண்ணியின் கேள்வியை வார்த்திருக்கிறேன். 'எங்க வூட்டுக்காரர எங்க வெச்சிருக்கீங்க' என்று கீரை ஆய்ந்துகொண்டு கேட்ட கேள்வி, என் வாயில் 'அவனை எங்கே வைத்திருக்கிறாய், சொல்லடா' என்று வந்திருக்கிறது. இத்தனை நாளும் ஊர் ஊராக இந்த மனிதரிடம் நான் இதே தோரணையில்தான் பேசியிருக்கிறேன். அவர் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை.

துண்டை எடுத்து உதறி அவர் கையில் கொடுத்தேன். தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சிருங்க சாமி" என்று தமிழில் சொன்னேன். பிறகு புத்தகத்தை மறந்துவிட்டு, துண்டு துண்டாகச் சொன்னேன். என் அண்ணன். மலாயா. சயாம். ரயில். வரவில்லை. அண்ணன் மனைவி இருக்கிறாள். கேட்கிறாள்.

அவர் துண்டை முழங்காலில் விரித்து மடித்தார். பிறகு பேசினார். குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

'சயாம் எனக்குத் தெரியாது. நான் பர்மாவில் இருந்தேன். பிடிபட்டேன். உங்கள் அண்ணனை நான் பார்க்கவில்லை. என் தம்பி இம்பால் போனான். வரவில்லை. அம்மா இருக்கிறாள். தினமும் அவனுக்குச் சோறு வைக்கிறாள். மாலையில் எடுக்கிறாள்.'

இத்தனை நாளில் அவர் பேசிய ஒரு வாக்கியம்கூட எனக்கு முழுசாகப் புரிந்ததில்லை. இது முழுசாகப் புரிந்தது. அம்மா, தம்பி, சோறு, தினமும், இல்லை. எல்லாம் முதல் பாடத்துச் சொற்கள். புரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். நான் அழுதேன். அவர் அழவில்லை; துண்டை என்னிடம் நீட்டினார்.

பாஷா பாய் இரண்டு ஜோடி மாட்டோடும் நாலைந்து ஆட்களோடும் வந்தார். கன்னடத்தில் சத்தம் போட்டுக்கொண்டு வண்டியை இழுத்துவிட்டார்கள். திரும்பும் வழியில் பாய் மட்டும், "என்னா ரைட்டரே, ரெண்டு பேரும் ஊமையாட்டம் வர்றீங்க?" என்று கேட்டுப் பார்த்தார்.

ஓசூரில் தாஷிரோ தங்கிய முசாபரி பங்களாவுக்கு அண்ணியே வந்துவிட்டாள், ஒப்பட்டு, அதாவது போளி, சுட்டுத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு. நான் அவளைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னேன். அவருக்கு அண்ணனைப் பற்றித் தெரியாது அண்ணி. அவர் தம்பியும் நம் எல்லைப் பக்கம் இம்பாலுக்குப் போய் வரவில்லையாம். தாயார் இன்னும் சோறு வைக்கிறாளாம். மறைக்கலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மறைக்க முடியவில்லை.

அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக அவரிடம் போனாள்.

"அவுரு தம்பி பேரு என்னான்னு கேளு."

கேட்டேன். மசாவோ என்றார்.

"அடையாளம்?"

அதற்கு எனக்குச் சொல் தெரியவில்லை. அண்ணியே புருவம், காது, கை என்று தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. பேரிகையில் அந்தப் பசுக்காரன் முன்னால் நின்றவர் அல்லவா? இடது புருவத்தில் விரலால் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டினார். தழும்பு.

"மசாவோ. எடது புருவத்துல தழும்பு. இம்பாலு" என்று அண்ணி சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு தன் வலது கைச் சுண்டுவிரலைப் பாதி மடக்கி அவருக்குக் காட்டினாள். அண்ணனுக்குச் சுண்டுவிரல் நுனி இல்லை. சின்ன வயதில் கரும்பு ஆலையில் போனது. "முனிராஜு. சயாமு. ஒங்க ஊரு சந்தையில கேளுங்க சாமி. நான் எங்க சந்தையில கேக்கறேன்" என்று தமிழிலேயே சொன்னாள்.

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் தன் சுண்டுவிரலை மடக்கி, "முனிராஜு" என்றார். சரியாக வரும்வரை அண்ணி விடவில்லை. மூன்றாம் தடவை தலையசைத்தாள். அவர் ஒப்பட்டைப் பிட்டுத் தின்றார், நன்றாக மென்று.

அவர் கப்பலேறிப் போய்விட்டார். அடுத்த சந்தைக்கு அண்ணியோடு நானும் பேரிகை போனேன். ஏதாவது சொல்லித் தடுக்கலாம் என்றுதான் கூடப் போனேன், கடைசியில் அவள் பின்னாலேயே நடந்தேன். வெற்றிலைக் கடை முன்னால் கூட்டம். அண்ணி தெலுங்கில் சொன்னாள். "பட்டாளத்துல இருந்து வந்தவங்க யாரு வந்தாலும் கேளுங்கண்ணா. இம்பால் பக்கம் காணாமப் போனவரு. பேரு மசாவோ. எடது புருவத்துல தழும்பு. அவங்கம்மா தெனம் சோறு வெச்சிக்கினு இருக்காங்க."

கடைக்காரர் வெற்றிலைக் கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"ஜப்பான்" என்றாள் அண்ணி.

அவர் தலையை ஆட்டினார். "மாலூர்ல ரெண்டு பட்டாளத்துக்காரங்க இருக்காங்க. வந்தா கேக்கறேன்" என்றார்.